அலமாரி நிறையத் துணி, உடுத்தத்தான் ஒன்றுமில்லை

சென்ற இதழில், ஒரு வருடம் புதுத்துணி வாங்காமல் இருந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்து, சுருக்கி, எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டுத் தந்திருக்கிறேன்.

கேள்வி: ‘ஸ்லோ ஃபேஷன்’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் விலை கூடிய துணியும் கூடவே வருகிறது. உண்மையில் அதற்கு என்னதான் அர்த்தம் அக்கா?

பதில்: விலைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. தேவையா என்று யோசித்து வாங்குவது, வாங்கியதை நெடுநாள் உடுத்துவது, கிழிந்தால் தைப்பது, இனி நமக்கு ஆகாது என்றால் உடுத்தக்கூடிய இன்னொருவரிடம் சேர்ப்பது, இவ்வளவுதான். 2007-ல் இந்தச் சொல்லை முன்வைத்தவர் கேட் ஃப்ளெட்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். 1980-களில் இத்தாலியில் துரித உணவுக்கு எதிராகக் கிளம்பிய ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கத்தை ஒட்டிப் பிறந்த சொல் இது.

எனக்கு இந்த விஷயம் உறைத்தது 2013-ல். வங்கதேசத்தில் டாக்காவை ஒட்டிய சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் ஏப்ரல் 24 அன்று காலையில் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டுக் கடைகளுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தவர்கள், அதிலும் பெண்கள் அதிகம். முந்தின நாளே கட்டடத்தில் விரிசல் தெரிந்து, கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் வேலை செய்தவர்களை மட்டும் மறுநாள் வரச் சொன்னார்கள், ஆர்டர் தேதிக்குள் போயாக வேண்டும் என்ற நெருக்கடி. அந்த நெருக்கடியின் மறுமுனையில் வாரம் ஒரு புது டிசைன் கேட்கிற நாம் இருக்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன். அதற்காக, விலை கூடிய துணி என்றால் தைத்தவருக்கு நல்ல கூலி போயிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மலிவான பிராண்டுக்கும் விலை கூடிய பிராண்டுக்கும் ஒரே ஆலையில் தைப்பது சாதாரணமாக நடக்கிறது.

கேள்வி: அலமாரியைத் திறந்தால் துணி மேலே சரிகிறது, ஆனால் காலையில் கிளம்பும்போது உடுத்த ஒன்றும் அகப்படுவதில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, முப்பதே துணியோடு ‘கேப்சூல் வார்ட்ரோப்’ தொடங்கலாம் என்று இருக்கிறேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நான் அதைச் செய்து பார்த்தவள். மூன்று பெரிய பைகளில் கட்டிக் கொடுத்துவிட்டு, நிறமெல்லாம் ஒன்றோடொன்று சேரும்படி பார்த்துப் பார்த்துப் புதிதாக வாங்கி அடுக்கினேன். ஆறு மாதத்துக்குள் கொடுத்தவற்றில் பலதைத் திரும்ப வாங்க வேண்டி வந்தது. அலமாரி பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் நான் எப்படி வாழ்கிறேன், எதில் எனக்கு உட்காரவும் நடக்கவும் வசதி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேப்சூல் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். 1970-களில் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபாக்ஸ் என்பவர், சில நல்ல துணிகளை வைத்துக்கொண்டு அவற்றையே மாற்றி மாற்றிச் சேர்த்து உடுத்தலாம் என்று சொன்னார். பிறகு 1985-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கரன் ஏழே உருப்படிகளில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சொன்ன யோசனை, இன்றைக்கு எதை எதைப் புதிதாக வாங்க வேண்டும் என்ற பட்டியலாகத்தான் பெரும்பாலும் நம் கைக்கு வருகிறது.

அப்புறம் அந்த மூன்று பைகள் எங்கே போகின்றன என்பதையும் யோசியுங்கள். நாம் கொடுத்ததை அப்படியே ஒருவர் வாங்கி உடுத்திக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பணக்கார நாடுகளில் இப்படிக் கொடுக்கப்படும் துணியில் பெரும்பங்கு பொதி பொதியாகக் கட்டப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் கண்டமண்டோ என்று ஒரு பெரிய பழைய துணிச் சந்தை இருக்கிறது. அங்கே வியாபாரிகள் கடன் வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமலே பொதியை வாங்குகிறார்கள். கறை படிந்ததும் நைந்ததும் வந்தால் அது அவர்கள் நஷ்டம், விற்காதது குப்பைக்கும் கடற்கரைக்கும் போகிறது. அந்தத் துணிகளுக்கு அங்கே ‘ஒப்ரோனி வாவு’ என்று பெயர், ‘இறந்துபோன வெள்ளைக்காரனின் துணி’ என்று அர்த்தம். இவ்வளவு துணியை ஒருவர் உயிரோடு இருக்கும்போதே வேண்டாம் என்று கொடுப்பார் என்று நம்ப முடியாமல் வைத்த பெயராம். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலும் இதே கதை, விற்காமல் போன துணிகள் மணலில் மலை மலையாகக் கிடக்கின்றன.

அதனால் முதலில் கொடுக்காதீர்கள், பாருங்கள். ஹேங்கர்கள் எல்லாவற்றையும் கொக்கி உங்களைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். ஒன்றை உடுத்தித் துவைத்து மறுபடி மாட்டும்போது மட்டும் சரியான பக்கம் மாட்டுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பாமல் இருப்பவற்றை எடுத்துக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றையும் உடுத்திப் பார்த்து, ஏன் இதைத் தொடவே இல்லை என்று கேளுங்கள். அக்குள் இறுக்கமா, கழுத்து உறுத்துகிறதா, ஒரு பொத்தான் போய் இரண்டு வருடமாக அப்படியே கிடக்கிறதா, சேர்த்து உடுத்தப் பொருத்தமான பேண்ட் இல்லையா? என் அலமாரியில் இப்படி எடுத்தவற்றில் நிறையத் துணி தையல்காரரிடம் ஒரு தடவை போய்வந்ததும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. மிச்சம் இருந்தவற்றில் ஒரு ஒழுங்கு தெரிந்தது, எல்லாமே வேறொருத்தி உடுத்தி அழகாக இருந்ததைப் பார்த்து வாங்கியவை. எனக்கு எது ஒத்துவராது என்பதை எந்தப் புத்தகத்தையும் விட அந்தக் குவியல் தெளிவாகச் சொன்னது. இதற்குப் பிறகும் ஆகாது என்று தோன்றுவதை, அதை விரும்பி உடுத்தப்போகிற ஒருவரைத் தேடிக் கையில் கொடுங்கள்.

கேள்வி: கடையில் பார்க்கும்போது எல்லாத் துணியும் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நாலு துவையலில் பல்லைக் காட்டிவிடுகிறது. வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, இதைக் கற்றுக்கொண்டதில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். முதலில் துணியை உள்பக்கமாகத் திருப்புங்கள், வெளிப்பக்கம் எதை வேண்டுமானாலும் மறைக்கும். தையலின் இருபுறமும் துணியைப் பிடித்து மெல்ல இழுங்கள். இடைவெளி விட்டு நூல் பல்லைக் காட்டினால் அந்தத் தையல் சீக்கிரம் விட்டுவிடும். வெட்டிய ஓரம் ஓவர்லாக் அடித்தோ மடித்துத் தைத்தோ பிசிறில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பது ரொம்ப முக்கியம். ஒரு விரல் அகலம் இருந்தால் நாளைக்கு உடம்பு போட்டாலும் பிரித்து விடலாம், சிக்கனம் பிடித்து ஓட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கால் மடிப்பும் அப்படித்தான்.

பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெசவு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்க வேண்டும், அங்கங்கே மேகம் மாதிரித் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் நூல் ஒழுங்கில்லை. உள்ளங்கையில் ஒரு மூலையைக் கசக்கிப் பத்து எண்ணி விடுங்கள், வீட்டில் எவ்வளவு இஸ்திரி போட வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிடும். டி-ஷர்ட், லெக்கிங்ஸ் போன்ற பின்னல் துணியைக் குறுக்கே இழுத்து விட்டால் பழைய அளவுக்கு உடனே திரும்ப வேண்டும். தொளதொளவென்று நின்றுவிட்டால் முட்டியும் முழங்கையும் ஒரு மாதத்தில் பை பையாகத் தொங்கும். டி-ஷர்ட்டின் பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்றும் பாருங்கள். கடையிலேயே முன்பக்கமாகச் சுற்றி வந்தால் துவைத்த பிறகு இன்னும் முறுக்கிக்கொள்ளும். துணியைத் துணியோடு சற்று நேரம் தேய்த்து, குட்டி உருண்டைகளாகப் பஞ்சு எழும்புகிறதா என்றும் பார்க்கலாம். குட்டை இழையில் நூற்ற நூலில் இழை முனைகள் சுலபமாக வெளியே வந்து சிக்கி அப்படி உருண்டை கட்டும், நீள இழைப் பருத்தியில் அது குறைவு.

கட்டம் போட்ட சட்டை என்றால் பக்கத் தையலிலும் சட்டைப் பையிலும் கட்டங்கள் நேருக்கு நேர் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்க்க வேண்டுமென்றால் துணி கூடுதலாகச் செலவாகும், அந்தச் செலவைச் செய்தவர் மற்ற இடத்திலும் கவனமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். காஜாவில் நூல் நெருக்கமாக இருக்கிறதா, ஜிப் தடங்கலில்லாமல் ஓடுகிறதா, இவையெல்லாம் ஒரு நிமிட வேலை. கடைசியாக உடுத்திப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றதோடு விட்டுவிடாமல் உட்காருங்கள், குனியுங்கள், இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். நாள் முழுக்க நிற்கப்போவதில்லையே நாம்.

கேள்வி: பருத்தி நல்லது, பாலியஸ்டர் கெட்டது என்று முடிவு செய்துகொள்ளலாமா? மூங்கில் துணி, ஆர்கானிக் என்றெல்லாம் போட்டிருப்பதை நம்பலாமா?

பதில்: அவ்வளவு எளிதாக முடிவு சொல்ல முடியாது. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது, தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக்தான். துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து தண்ணீரில் கலக்கின்றன, அவை மக்குவதில்லை. இதற்காக நான் முடிந்தவரை தவிர்க்கிறேன். ஆனால் பருத்திக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டுக்கான பருத்தியை விளைவித்துத் துணியாக்க ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று உலக வனவிலங்கு நிதியம் சொல்கிறது. ஒருகாலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல், 1960-களில் தொடங்கி அதற்கு நீர் தந்த இரண்டு ஆறுகளையும் முக்கியமாகப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டதால் வற்றிப்போய், கப்பல்கள் மணலில் நிற்கும் இடமாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பருத்தி என்பதற்காக மட்டும் பத்து டி-ஷர்ட் வாங்க எனக்கு மனம் வருவதில்லை. கையில் இருக்கும் பாலியஸ்டர் துணியை என்ன செய்வது என்றால், நைந்துபோகும்வரை உடுத்துங்கள்.

மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது விஸ்கோஸ்தான், அதாவது ரேயான். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக இழுக்கிறார்கள், வேலை செய்பவர்களின் நரம்பையே பாதிக்கக்கூடிய கார்பன் டைசல்பைடு அதில் பயன்படுகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், இப்படி ரேயானை மூங்கில் என்று விற்ற நிறுவனங்கள் மீது பலமுறை நடவடிக்கை எடுத்திருக்கிறது. அதே மாதிரி மரக்கூழில் செய்யும் லயோசெல் பரவாயில்லை, அதில் கரைப்பானை ஏறக்குறைய முழுவதும் திரும்ப எடுத்துப் பயன்படுத்திவிடுகிறார்கள். ஆர்கானிக் என்று வெறுமனே அச்சடித்திருந்தால் அதற்கு மதிப்பில்லை. ‘காட்ஸ்’ (GOTS) என்ற சர்வதேச ஆர்கானிக் துணித் தர முத்திரை இருந்தால் குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை இருந்தாக வேண்டும், ‘ஆர்கானிக்’ என்றே போட்டுக்கொள்ள 95 சதவீதம் வேண்டும். ‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100’ வேறு விஷயம். உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் துணியில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது, பருத்தி எப்படி விளைந்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். இதெல்லாம் வசதியானவர்கள் பேசும் பேச்சாகத்தான் எனக்குத் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதில்: கோபம் இல்லை தம்பி, நியாயமான கேள்வி. ஒரு சட்டை நாலு தடவையில் வெளுத்துச் சுருங்கிவிடுகிறது, மூன்று மடங்கு விலையுள்ள இன்னொன்று அறுபது தடவை உழைக்கிறது என்றால், ஒரு தடவை உடுத்த ஆகும் செலவு இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்த மூன்று மடங்கு இன்றைக்குக் கையில் இல்லாதவருக்கு இந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். குறைந்த காசில் ஒரு சட்டை வாங்கி, அதைத் தேயும்வரை உடுத்துகிறவர்கள் எந்தப் பெயரும் வைக்காமல் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். உலகில் துணி குவிவது உங்களால் இல்லை. அண்ணன் சட்டையை அளவு குறைத்துப் போடுவது, விசேஷத்துக்கு நண்பனிடம் இரவல் வாங்குவது, நல்ல நிலையில் உள்ள பழைய துணி வாங்குவது எல்லாம் இதில் சேர்த்திதான். பிடித்ததைக் கண்டால் உடனே வாங்காமல் பெயரை எழுதிவைத்து முப்பது நாள் கழித்துப் பாருங்கள். நான் எழுதிவைத்ததில் பெரும்பாலானவை அதற்குள் மறந்தே போயிருந்தன.

கேள்வி: ஒரே டிரஸ்ஸை இரண்டு விசேஷத்துக்கு உடுத்திப் போனால் ஃபோட்டோவில் தெரிந்துவிடுமே?

பதில்: தெரியட்டும். உங்களுக்குப் பொருந்துகிற டிரஸ் என்பதும் கூடவே தெரியும்.

கேள்வி: துணி சீக்கிரம் வெளுக்காமல், நைந்துபோகாமல் துவைப்பது எப்படி?

பதில்: முதல் வழி குறைவாகத் துவைப்பது. உள்ளாடையும் வியர்வையில் நனைந்ததும் அன்றன்றைக்குத் துவைக்க வேண்டியவை, அதில் பேச்சில்லை. ஜீன்ஸ், மேலே போடும் கோட், சில மணி நேரம் மட்டும் உடுத்திய துணி இவற்றைக் காற்றாட மாட்டி வைத்தாலே போதும், கறை பட்ட இடத்தை மட்டும் அலசிவிடலாம். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஜிப்பை மூடி, குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். சோப்புத்தூள் கூடுதலாகப் போட்டால் கூடுதல் சுத்தம் ஆகாது, அலசியும் போகாமல் இழையில் தங்கித் துணி மொடமொடக்கும். நிறமுள்ளதை நிழலில் காயவையுங்கள். லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த எதற்கும் சூடு ஆகாது. வெந்நீரும் டிரையரும் அதன் இழுவையைக் கொன்றுவிடும். கம்பளியையும் பின்னல் துணியையும் ஈரத்தோடு தொங்கவிட்டால் நீண்டுவிடும், படுக்கவைத்துக் காயவையுங்கள். துவைக்காத கம்பளியை மடித்து உள்ளே வைக்காதீர்கள், பூச்சியின் புழுக்களுக்கு வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடம்தான் பிரியம்.

கேள்வி: என் பதினைந்து வயது மகள் போனில் பார்த்துப் பார்த்து ஆர்டர் செய்கிறாள், பாதியைத் திருப்பி அனுப்புகிறாள். திட்டினால் முகம் கொடுப்பதில்லை. எப்படிச் சொல்வது?

பதில்: திட்டாதீர்கள் அம்மா. அந்த வயதில் கூட்டத்தோடு சேர்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கும் தெரியும். அவள் கையில் இருக்கும் செயலி, நிறுத்த முடியாதபடி பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டது. ‘இன்னும் இரண்டே இருக்கிறது’, ‘பத்து நிமிடத்தில் தள்ளுபடி முடிகிறது’ என்று அது துரத்தும்போது பெரியவர்களே தடுமாறுகிறோம். அறிவிப்புகளை நிறுத்திவைக்க இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள், உங்கள் போனிலும் நிறுத்துங்கள்.

திருப்பி அனுப்பியது என்ன ஆகிறது என்பதை அவளிடம் சொல்லலாம். வந்த துணியைப் பிரித்து, பார்த்து, மறுபடி மடித்து விற்பனைக்கு வைக்க ஆகும் செலவு அதிகம் என்பதால், புதுத்துணி அப்படியே அழிக்கப்படுவதும் உண்டு. இதைத் தடுக்கத்தான் பிரான்ஸ் 2020-ல் ஒரு சட்டம் இயற்றி, விற்காத துணியை அழிப்பதை 2022 முதல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியமும் பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலை முதல் அந்தத் தடையைக் கொண்டுவந்திருக்கிறது. அவளுக்கென்று மாதம் ஒரு தொகையைக் கொடுத்து முடிவை அவளிடமே விடுங்கள், கூடவே ஒரு ஊசியும் நூலும் கொடுங்கள். தன் கையால் ஒரு ஓரத்தை மடித்துத் தைக்க எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்த பிள்ளை அந்த மலிவு விலையை வேறு மாதிரிப் பார்க்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

கேள்வி: எனக்குப் பிடித்த சட்டையில் முழங்கை கிழிந்துவிட்டது. தைத்தால் அசிங்கமாகத் தெரியும், தூக்கிப்போடவும் மனமில்லை. மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: மறுசுழற்சியை நம்பிக் கொடுக்காதீர்கள். பழைய துணியிலிருந்து மறுபடி புதுத்துணியாக ஆவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று எல்லன் மக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் சொன்னது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து நெய்ததைப் பிரிப்பது அவ்வளவு கடினம். கழிவைக் குறைக்க வேலை செய்யும் பிரிட்டனின் ‘ராப்’ அமைப்பு 2012-ல் போட்ட கணக்கில், ஒரு துணியை இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக உடுத்தினாலே அதனால் ஆகும் கார்பன், தண்ணீர், கழிவு மூன்றும் 20 முதல் 30 சதவீதம் குறைகிறது. அதனால் தைத்துவிடுவோம்.

தைத்தது வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பதால்தான் அசிங்கமாகிறது. தெரியட்டும் என்று வைத்துத் தையுங்கள். ஜப்பானின் வடபகுதியில் புதுத்துணிக்கு வழியில்லாத விவசாயக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போட்டுத் தைத்த ‘போரோ’ துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அங்கே போட்டதும் வெறும் ஓட்டுத்தையல்தான், ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி நேராகப் போகும் சாதாரணத் தையல். கிழிசலைவிட இரண்டு விரல் பெரிதாக, அதே கனமுள்ள பழைய துணியை வெட்டுங்கள். ஒட்டுத்துணி சட்டையைவிடக் கனமாக இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி கிழியும். முன்பே துவைத்த துணியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பிறகு சுருங்கி இழுக்கும். உள்பக்கம் வைத்துக் குண்டூசி குத்தி, மேலே வரிசை வரிசையாக ஓட்டுத்தையல் போடுங்கள். நூலை இறுக்காதீர்கள், முழங்கை மடங்க இடம் வேண்டும். சட்டை நிறத்துக்குப் பொருந்தும் நூல் கிடைக்காவிட்டால் எடுப்பான வேறு நிறமாகவே எடுங்கள், ஏறக்குறையப் பொருந்துகிற நிறம்தான் தப்பாகத் தெரியும். நான் இப்படித் தைத்த நீலச் சட்டையைப் பதினொரு வருடமாக உடுத்துகிறேன், இரண்டு முழங்கையிலும் வெள்ளை நூல். முதல் முழங்கைக்கு ஒரு மாலை முழுக்க ஆனது, இரண்டாவதற்கு அரை மணி நேரம்.